முறையீடும் முறுமுறுப்பும்: கொங்கு நாட்டு வாக்காளரின் விரக்தி பற்றி ஒரு விமரிசனம்

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நமது ஆலயங்களில் ஒரு குறிப்பிட்ட பிரசங்கம் வழக்கமாக ஒலிக்கிறது. ரோமர் 13ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. வாக்களிப்பது கிறிஸ்தவனின் கடமை என்றும், வாக்கை விற்பது பாவம் என்றும், நல்லவர்களையே தெரிந்தெடுக்க வேண்டும் என்றும் போதிக்கப்படுகிறது. தேசத்துக்காக ஜெபம் செய்தபின் சபையார் வீடு திரும்புகின்றனர். திரும்பும் வழியிலேயே, "யார் வந்தாலும் நமக்கு ஒன்றுதான்" என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பிரசங்கத்திற்கும் இப்பேச்சிற்கும் யாதொரு தொடர்பும் இருப்பதாகத் தெரியவில்லை.

இக்கட்டுரை அப்பிரசங்கத்தைப் பற்றிய விமரிசனமாகும். அதில் கூறப்படும் அறிவுரை தவறானது என்பது நமது வாதமன்று. வாக்காளரின் விரக்தி முழுவதையும் அது பொறுப்பின்மை என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிடுகிறது என்பதே நமது குறை. விரக்தியில் வகைகள் உண்டு. தன் குறையை ஒருவர் முன் கொண்டுசென்று நீதி கேட்பவனும் விரக்தியுற்றவனே. தன் கூடாரத்துக்குள் அமர்ந்து முறுமுறுப்பவனும் விரக்தியுற்றவனே. திருமறை முன்னதை முறையீடு என்கிறது, பின்னதைக் கண்டிக்கிறது. இரண்டையும் பிரித்தறியாத ஆயர் இரண்டையும் ஒரே கோலால் அடிக்க நேரிடும். கொங்கு நாட்டின் தேர்தல் வரலாறு இவ்வேறுபாட்டை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

1. ஆயிரத்து முப்பத்து மூன்று வேட்பாளர்கள்

சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில், 1951-52இல், கோயம்புத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து தி. அ. இராமலிங்கம் செட்டியார் போட்டியின்றித் தெரிந்தெடுக்கப்பட்டார். அடுத்த தலைமுறை வளர்ந்து முடிவதற்குள் இதே கொங்கு மண்ணில் நேரெதிரான ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. 1996ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர், தங்கள் கோரிக்கைகளை அரசுகள் பொருட்படுத்தவில்லை என்பதை உலகறியச் செய்வதற்காக வேட்பு மனுத் தாக்கல் செய்த விவசாயிகள். வாக்குச் சீட்டு ஒரு தாளில் அடங்காமல் புத்தகமாக அச்சிடப்பட்டது. வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க நேர்ந்தது. இறுதியில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வெற்றி பெற்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்கேனும் விழவில்லை.

இந்த 88 பேர் நமது கவனத்துக்குரியவர்கள். இவர்கள் தம் வாக்கையும் தமக்கு அளித்துக்கொள்ளாதவர்கள். அல்லது அத்தொகுதியில் வாக்கே இல்லாதவர்கள். எப்படியாயினும் வெற்றியை நாடி நின்றவர்களல்லர். தேர்தலை நிறுத்துவதும் அவர்கள் நோக்கமாகத் தெரியவில்லை. தேர்தலின் விதிகளுக்கு உட்பட்டு, வைப்புத் தொகையைச் செலுத்தி, தங்கள் பெயரை அரசின் ஏட்டில் அச்சிடவைத்து, தேர்தலையே ஒரு மனுவாக மாற்றினர். அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திர மாநிலத்தின் நல்கொண்டாவில், குடிநீரில் உள்ள புளூரைடு நஞ்சினால் எலும்பு நலிந்த மக்களுக்காக இவ்வாறே நூற்றுக்கணக்கானோர் நின்றனர். அங்கு வேட்பாளர் எண்ணிக்கை 480.

மொடக்குறிச்சியின் முறையீடு திடீரெனப் பிறந்ததன்று. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். 1972இல் கோவை நகரின் சாலைகளை மாட்டு வண்டிகள் நிறைத்தன. வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் தமிழக விவசாயிகள் சங்கம் வலுப்பெற்றது. 1980களின் தொடக்கத்தில் அவர் தேர்தல் களத்திலும் இறங்கிப் பார்த்தார். சாலையில் கூடிய கூட்டம் வாக்குப் பெட்டியில் கூடவில்லை. வேளாண்மைக்கு இலவச மின்சாரம் பின்னர் வந்தது; ஆனால் நிலத்தடி நீர் கீழே கீழே இறங்கியது. அத்திக்கடவு-அவிநாசித் திட்டமோ ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தேர்தல் தவறாமல் வாக்குறுதியாகவே இருந்து, 2019இல் அடிக்கல் கண்டு, 2024 ஆகஸ்டில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு தகப்பன் கேட்ட வாக்குறுதியை மகனும் பேரனும் அதே சொற்களில் கேட்டிருக்கிறார்கள். "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்ற பேச்சு சோம்பலிலிருந்து மட்டும் பிறப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லூக்கா 18ஆம் அதிகாரத்தின் விதவையை இங்கு நினைவுகூரலாம். அவள் அநீதியுள்ள நியாயாதிபதியை நல்லவன் என்று நம்பி அவனிடம் போகவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்பதை அவள் நன்கறிவாள். ஆயினும் நியாயாசனத்தை விட்டு விலகவில்லை. ஆட்சியாளரிடம் நம்பிக்கை இழந்த பின்னும் நீதி என்னும் இடத்தின் மேல் நம்பிக்கை இழவாமை அவளுடைய விசுவாசம். மொடக்குறிச்சியின் விரக்தி அவ்வகையைச் சார்ந்தது.

2. முறையீட்டுக்குக் கிடைத்த விடை

இம்முறையீட்டுக்கு நாடு அளித்த விடை யாது? 1996ஆம் ஆண்டிலேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத் தொகை பொதுப் பிரிவினருக்கு 250 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. நாடாளுமன்றத்துக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. சுயேச்சை வேட்பாளரை முன்மொழியப் பத்து வாக்காளர் தேவை என்றாயிற்று. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். 2009ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் சட்டமன்றத்துக்கான தொகை 10,000 ரூபாய். மொடக்குறிச்சி வேட்பாளர் 1033 பேரும் பொதுப் பிரிவினர் எனக் கொண்டால், அன்று அவர்கள் கட்டிய தொகை மொத்தம் 2,58,250 ரூபாய். அதே முறையீட்டை இப்புதிய கணக்கில் செய்ய 1,03,30,000 ரூபாய் வேண்டும்.

நிர்வாகத்தின் நோக்கில் இத்திருத்தத்திற்கு நியாயம் உண்டு. ஆயிரம் பெயர் கொண்ட சீட்டில் முதியவர் ஒருவர் தம் சின்னத்தைத் தேடுவது எளிதன்று. ஆயினும் விவசாயி எழுப்பிய கேள்விக்கு விடை வரவில்லை. கேட்கும் வழிக்கு விலை உயர்ந்தது என்பதை மறுக்க இயலாது.

பின்னர் வேறொரு வழி திறக்கப்பட்டது. 2013 செப்டம்பர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம், போட்டியிடும் எவரையும் ஏற்காத வாக்காளர் தம் மறுப்பை இரகசியமாகப் பதிவு செய்ய வாக்குப் பதிவு இயந்திரத்தில் இடம் தரப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோட்டா என்று நாம் வழங்கும் அப்பொத்தானைத் தமிழ்நாடு முதன்முதலில் அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில் கண்டது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் நாட்டிலேயே மிகுதியான நோட்டா வாக்குகள், 46,559, நீலகிரித் தொகுதியில் பதிவாயின. மேட்டுப்பாளையமும் அவிநாசியும் பவானிசாகரும் அத்தொகுதியைச் சேர்ந்தவை என்பதை நினைவிற் கொள்க.

இவ்வெண்ணை வெறும் விரக்தியாகக் கொள்வதும் பிழையாகும். அத்தேர்தலில் பாரதிய ஜனதா வேட்பாளரின் மனு தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. தாம் விரும்பிய கட்சியைச் சீட்டில் காணாதோரும் அப்பொத்தானை அழுத்தியிருக்கலாம். 2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலை முதன்மை எதிர்க்கட்சி புறக்கணித்தபோதும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் நோட்டாவை நாடினர். எவ்வாறாயினும் நோட்டாவின் குறை ஒன்று உண்டு. அவ்வாக்கு எத்துணை மிகுந்தாலும் வேட்பாளருள் முதலிடம் பெற்றவரே வென்றவர். மறுப்பு எண்ணப்படுகிறது; ஆனால் எவரையும் பதில் சொல்ல வைப்பதில்லை. மொடக்குறிச்சி விவசாயி தன் பெயரோடு வெளியில் நின்றான். நோட்டா வாக்காளன் மறைவில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வெளியேறுகிறான். அச்சமின்றி மறுப்பதற்கு இரகசியம் தேவை என்பது உண்மையே. ஆயினும் கூட்டாக எழுந்த முறையீடு தனித்தனி முறுமுறுப்பாகச் சுருங்கிவிட்டது என்பதையும் நாம் காணவேண்டும்.

3. ஏசாவும் யாக்கோபும்

முறுமுறுப்பு முற்றும்போது விலையாகிறது. 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பின் திருமங்கலம் என்ற ஊர்ப்பெயரே வாக்குக்குப் பணம் தரும் முறைக்குப் பெயராகிவிட்டது. 2016இல் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தேர்தலையே இரத்து செய்தது. நவம்பரில்தான் அங்கு வாக்குப்பதிவு நடந்தது. 2023இல் 77 பேர் போட்டியிட்ட ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில், வாக்காளர்களைக் கொட்டகைகளில் அமர்த்திக் காசும் உணவும் தருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மக்கள் அவ்விடங்களுக்கு இட்ட பெயர் பட்டி. ஆட்டை அடைக்கும் இடத்துக்கு உரிய சொல் அது.

இங்கு நமது பிரசங்கம் ஏசாவைத் துணைக்கு அழைக்கிறது. ஒரு வேளைக் கூழுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றவன் போல நீங்களும் விற்காதீர்கள் என்கிறது. உவமை பொருத்தமானதே, ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. ஆதியாகமம் 25இல் இருவர் உள்ளனர். ஒருவன் பசித்து வந்தவன். மற்றவன் பசித்தவனைக் கண்டதும் கூழுக்கு விலை குறித்தவன். விற்றவனைக் குறித்து நாம் பல பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். பசியை வாய்ப்பாகக் கொண்டு விலை பேசியவனைக் குறித்து எத்தனை செய்தோம்? பணம் கொடுத்தவர் அதே ஆலயத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் இக்கேள்வி எளிதன்று.

கோவைக்குக் கிழக்கே ஒரு கிராமச் சபையில் இதைப் பற்றி நான் பேசியபின், பனியன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். "ஏனுங்க ஐயா, வாங்காட்டி மட்டும் அவங்க திருந்தீருவாங்களா? அஞ்சு வருசத்துல அவங்ககிட்ட இருந்து எங்க கைக்கு வர்றது இது ஒண்ணுதானுங்க" என்றார். அவர் வாதத்தில் பிழை உண்டு என்பதை நான் அறிவேன். சாலையும் பள்ளியும் ரேஷன் அரிசியும் அரசிடமிருந்தே வருகின்றன என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பேசியது பொருளாதாரமன்று. எதிர்பார்ப்பு ஒடுங்கிப்போன ஓர் உள்ளத்தின் கணக்கு. கொடுப்பவன் நாளை பதில் சொல்லமாட்டான் என்று உறுதியாக அறிந்தவர், இன்றே கிடைப்பதைப் பெற்றுக்கொள்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது கண்டனமன்று. பதில் கேட்கும் துணை.

4. யாருடைய விரக்தி?

மொடக்குறிச்சியையும் நாம் விமரிசனமின்றி ஏற்பதற்கில்லை. 250 ரூபாயை இழப்பதற்கென்றே கட்டக்கூடியவர் யார்? நிலமுடைய விவசாயி கட்டலாம். அவர் தோட்டத்தில் வேலை செய்த அருந்ததியர் கூலியாளுக்கு அத்தொகை பல நாள் உழைப்பு. நில உடைமையாளரின் நியாயமான குறை நாடெங்கும் செய்தியாயிற்று. கூலி, குடியிருப்பு, சுடுகாட்டுப் பாதை ஆகியவை பற்றிய கூலியாளின் குறைக்கு அவ்வாறு ஆயிரம் வேட்பாளர் கிடைக்கவில்லை. கொங்கு நாட்டுக் கிராமச் சபைகளில் நம்மோடு நற்கருணை மேசையில் முழங்காற்படியிடுவோர் பெரும்பாலும் இம்மக்களே என்பதை நாம் மறக்கலாகாது.

விரக்தி சிலருக்கு ஓர் ஆடம்பரமாகவும் இருக்கக்கூடும். வாக்குக்கு அப்பால் அரசை அணுக வேறு வழியுடையவர், தேர்தலில் பயனில்லை என்று சொல்லி வீட்டிலிருக்கலாம். அலுவலகக் கதவுகள் அவருக்குத் திறக்கும். வாக்கைத் தவிர வேறெதுவும் இல்லாதவர் அவ்வாறு இருக்க இயலாது. 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இம்முரண்பாட்டை எச்சரித்தார்: அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் ஒருங்கே கொண்ட வாழ்வில் நாம் நுழையவிருக்கிறோம் என்பது அவர் கருத்து.

இம்முரண்பாட்டின் கொடிய வடிவைக் காண நாம் கொங்கு எல்லையைக் கடந்து மதுரை மாவட்டத்துக்குச் செல்லவேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபின், பத்தாண்டுகள் அங்கு முறையான தேர்தல் நடக்கவொட்டாமல் தடுக்கப்பட்டது. 2006 அக்டோபரில்தான் நடந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். தேர்தலில் பொருளில்லை என்றால், அதை மறுப்பதற்கு ஏன் இத்தனை குருதி சிந்தவேண்டும்? ஒடுக்குவோர் வாக்கின் மதிப்பை நன்கு அறிந்திருக்கிறார்கள். சலிப்புற்ற நடுத்தர வகுப்பாரே அதை மறந்துவிட்டனர்.

5. யோதாமின் உவமை

இப்பொருளுக்கு ரோமர் 13ஐவிட நியாயாதிபதிகள் 9 பொருத்தமான வேதபகுதி என்பது என் கருத்து. அபிமெலேக்கு தன் தாயின் உறவினரிடம் சென்று, நான் உங்கள் எலும்பும் மாம்சமும் என்று நினைவூட்டி ஆதரவு தேடுகிறான். அவன் நம் சகோதரன் என்று சீகேமியர் சாய்கின்றனர். பாகால்பேரீத்தின் கோவிலிலிருந்து எழுபது வெள்ளிக்காசு தரப்படுகிறது. அதைக் கொண்டு வீணரான ஆட்களைக் கூலிக்கு அமர்த்துகிறான். எழுபது சகோதரர் கொல்லப்படுகின்றனர். சாதி உறவு, பணம், அடியாள் ஆகிய மூன்றும் இந்த ஒரே அதிகாரத்தில் உள்ளன. அப்பணம் வழிபாட்டிடத்திலிருந்து வந்தது என்பதை நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துபோகிறோம்.

அடுத்து யோதாமின் உவமை வருகிறது. ஒலிவ மரமும் அத்தி மரமும் திராட்சச் செடியும் ஆட்சியை மறுக்கின்றன, முட்செடி ஏற்கிறது. நல்லோர் பதவியை நாடமாட்டார் என்பதற்கு இதை மேற்கோளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அம்மரங்களின் அடக்கத்தைப் புகழ்கிறோம். ஆனால் அவற்றின் மறுப்பே முட்செடிக்கு வழிவிட்டது. தம் எண்ணெயும் இனிமையும் இரசமும் பெரிதெனக் கொண்டு அவை ஒதுங்கின. அரசியல் ஒரு சாக்கடை என்று சொல்லித் தம் தொழிலையும் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்துக்கொள்ளும் நம் சபையாரின் மொழியும் அதுவே அல்லவா?

யோதாமையும் விமரிசிக்க வேண்டும். அவன் கெரிசீம் மலையுச்சியில் நின்று உரத்த குரலில் பேசினான். பேசி முடித்ததும் ஓடிப்போய்ப் பேயேரில் குடியிருந்தான். அவன் உயிருக்கு ஆபத்து இருந்தது. ஆகவே அவனைக் குறை கூறுவதற்கில்லை. நமக்கு அத்தகைய ஆபத்து இல்லை. ஆயினும் ஐந்தாண்டுக்கொருமுறை பிரசங்க பீடத்தின் உயரத்திலிருந்து உரத்துப் பேசிவிட்டு, வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் நாமும் காணாமற் போகிறோம்.

6. நமது வீட்டின் தேர்தல்

சபையார் நமது தேர்தல் பிரசங்கத்தை நம்பாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் நமது தேர்தல்களையும் காண்கிறார்கள். சேகரக் குழுவிலிருந்து திருமண்டலப் பெருமன்றம் வரை, அணி பிரிந்து, உறவும் சாதியும் கணக்கிட்டு, பள்ளி வேலையும் கல்லூரி இடமும் வாக்குறுதியாக்கி, வேன் வைத்து வாக்காளரை அழைத்து வரும் காட்சி நமக்குப் புதிதன்று. தோற்றவர் நீதிமன்றப் படியேறுவதும் புதிதன்று. ஆயர்களாகிய நம்முள் சிலர் இதில் நடுநிலை வகித்தோம், சிலர் பயனடைந்தோம். பாகால்பேரீத்தின் கோவிற்பணம் சீகேமில் மட்டும் செலவாகவில்லை. இந்நிலையில் வாக்கு புனிதமானது என்று நாம் சொல்லும்போது, பின்வரிசையில் இருப்பவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில் வியப்பில்லை. நாட்டு அரசியலைக் குறித்த அவர்களுடைய விரக்திக்கு நாம் பாடசாலையாக இருந்திருக்கிறோம்.

7. செய்யத்தக்கவை

மூன்றை முன்வைக்கிறேன். முதலாவது, தேர்தல் பிரசங்கத்தைத் தேர்தலுக்குப் பின்னும் தொடரவேண்டும். வென்றவர் தந்த வாக்குறுதிகளை எழுதிவைத்து, ஆண்டுக்கொருமுறை சேகரத்தில் வாசித்து, நிறைவேறியவை எவை, நிறைவேறாதவை எவை என்று மரியாதையோடு அவருக்கே கடிதம் எழுதும் ஒரு சிறு குழு போதும். நிறைவேறியதை ஒப்புக்கொள்வதும் நேர்மையின் பகுதியாகும்.

இரண்டாவது, இறையியல் மாணவர் கிராம சபைக் கூட்டங்களில் அமர்ந்து கற்கவேண்டும். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நாட்களில் ஒவ்வோர் ஊராட்சியிலும் அது கூடவேண்டும். வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமை அங்கு ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. கேட்க அஞ்சும் கூலியாளின் அருகில் ஓர் ஆயர் அமர்ந்திருப்பதே பல வேளைகளில் பெரிய உதவி. இவ்விடம் மலையுச்சியன்று, தரையில் விரித்த ஜமுக்காளம்.

மூன்றாவது, நமது சேகரத் தேர்தல்களை முதலில் நேராக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆயர் எந்த அணிக்கும் தம் பெயரைத் தராமலிருப்பது இன்றே இயலும்.

அன்று என்னோடு பேசிய சகோதரியின் கேள்விக்கு நான் இன்னும் முழு விடை காணவில்லை. வாங்காவிட்டால் அவர்கள் திருந்திவிடுவார்களா? ஒருவர் மட்டும் வாங்காதிருந்தால் திருந்தமாட்டார்கள். ஆனால் தன் குறையைக் கொண்டுசெல்ல ஓரிடமும், உடன் வரச் சிலரும் உண்டு என்று அவர் கண்டால், அந்தக் காசுக்கு இன்றுள்ள பொருள் இராது. அடுத்த தேர்தலுக்கு முன் அவரை ஒரு கிராம சபைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். "நீங்களும் வருவீங்களா?" என்று கேட்டார். வருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.